சவுண்ட் ஸ்லீப்னா சத்தமா தூங்குறதா? ஒரு சின்ன இங்கிலீஷ் வார்த்தை படுத்துற பாடு

பாளை_கோமதி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். இது கேக்கலாமா கூடாதான்னு தெரியல, ஆனா ரெண்டு நாளா தலைக்குள்ளயே ஓடுது.

எம் பொண்ணு எட்டாப்பு படிக்கா. இங்கிலீஷ்ல ஒரு பத்தி குடுத்துத் தமிழ்ல எழுதச் சொல்லியிருக்காங்க. கதையில ஒரு காவக்காரன் ராத்திரி ‘சவுண்ட் அஸ்லீப்’பா கிடக்கான், அந்த நேரம் பாத்துத் திருடன் வாரான். இவ ‘காவலாளி சத்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தான்’னு எழுதிட்டா. சிவப்பு மையில ஒரு சுழி. கடைசியில திருடன் மாட்டிக்கிடுதான், வீட்டுக்காரங்க எல்லாரும் ‘சேஃப் அண்ட் சவுண்ட்’. அதுக்கு ‘பத்திரமாகவும் சத்தமாகவும் இருந்தார்கள்’. அதுக்கும் ஒரு சுழி.

‘சவுண்டுன்னா சத்தம்னு நீதானம்மா சொல்லிக்குடுத்த?’ன்னு என்கிட்ட சண்டைக்கு வாரா. அந்நேரம் ஹால்ல அவ அப்பா மத்தியானச் சாப்பாட்டை முடிச்சிட்டு குறட்டை விட்டுக்கிட்டு கிடந்தாங்க. அவங்களைக் கையைக் காட்டி, ‘அப்போ இது சவுண்ட் ஸ்லீப் இல்லியா?’ங்கா. சிரிப்பையும் அடக்க முடியல, பதிலும் சொல்லத் தெரியல.

வீட்டுல கிடந்த பழைய டிக்‌ஷ்னரிய எடுத்துப் பாத்தேன். சவுண்ட்ங்கிற வார்த்தை நாலு தடவை தனித்தனியா இருக்கு, ஒவ்வொண்ணு தோள்லயும் பொடிசா 1, 2, 3, 4ன்னு நம்பர். ஒண்ணு சத்தம். ஒண்ணு நல்ல நிலைமை. ஒண்ணு ஜலசந்தி. ஒண்ணு ஆழம் பாக்கது. ஒரே வார்த்தைக்கு நாலு அர்த்தம்னா ஒரே இடத்துல வரிசையா எழுதிட்டுப் போவாங்கள்லா, எதுக்கு நாலு தடவை? சத்தத்துக்கும் ஜலசந்திக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா?

வீட்டுல டியூஷன் எடுக்கேன். பதினோரு பிள்ளைக வருது. நாளைக்கு அதுல ஒண்ணு கேட்டுச்சுன்னா நான் முழிக்கக் கூடாது, அதான்.

ராயபுரம்_ரவுசு

அக்கா, பாப்பா எழுதுனதுல தப்பே இல்ல. எங்க தெரு வாட்ச்மேன் அப்படித்தான் தூங்குவாரு. திருடனே பயந்து ஓடிருவான்.

எனக்கும் இதே கொழப்பம் சின்ன வயசுல இருந்துச்சு. எங்க ஏரியால ‘ரொம்ப சவுண்டு வுடாத’ன்னா வாயை மூடுன்னு அர்த்தம். ‘அவரு சவுண்டு பார்ட்டிப்பா’ன்னா பசையுள்ள ஆளுன்னு அர்த்தம். எங்க நைனா ஒருத்தர்கிட்ட வட்டிக்கு வாங்கப் போவாரு, என்னையும் சைக்கிள் பாருல உக்கார வச்சுக் கூட்டினு போவாரு. ‘பெரிய சவுண்டு பார்ட்டிடா’ம்பாரு. போய்ப் பாத்தா அந்த மனுஷன் வாயையே தொறக்க மாட்டாரு. வெத்தலைய மென்னுகினே நோட்டை எண்ணிக் குடுப்பாரு, அவ்ளோதான். இவரு எந்த ஊர்ல சவுண்டு வுட்டாருன்னு மண்டை காஞ்சேன்.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு லோன் ஃபாரத்துல ‘ஃபைனான்ஷியலி சவுண்ட்’னு இருந்ததைப் பாத்தப்பதான் பல்பு எரிஞ்சுது. உங்க டிக்‌ஷ்னரில ரெண்டாம் நம்பர் போட்டிருக்குதே, அது இதுதான்னு நெனைக்கிறேன். மத்தது தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

பழைய_கலாசி

தங்கச்சி, டிக்‌ஷ்னரிக்காரன் சரியாத்தான் போட்டிருக்கான். அது ஒரு வார்த்தையே கிடையாது. நாலு வெவ்வேற வீட்டுப் பிள்ளைக ஒரே யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு வரிசையில நிக்குது, அம்புட்டுதான். நான் இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிடல. மானம் போய்த் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கேன்.

எனக்கு ஊரு தூத்துக்குடி. அப்பா வல்லத்துல மீன்பிடிக்கப் போனவரு. நான் 1979ல சரக்குக் கப்பல்ல கலாசியா, அதாவது டெக்குல வேலை பாக்குற ஆளா ஏறுனேன். ஏறி மூணாவது நாளு, சீஃப் ஆபீசர் என்னைப் பாத்து, ‘நம்பர் த்ரீ போர்ட் டேங்க், சவுண்டிங் எடு’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பத்தாப்பு பாஸ் பண்ணினவன் நான். சவுண்டுன்னா சத்தம்னு எனக்குத் தெரியாதா? துரு தட்டுற சுத்தியலை எடுத்துக்கிட்டுப் போயி, அந்த டேங்குக்கு மேல நாலு இடத்துல டங்கு டங்குன்னு தட்டி, தகரத்துல காதை வச்சுக் கேட்டேன். நேரா கப்பலை ஓட்டுற ரூமு, பிரிட்ஜும்பாங்க, அங்க ஏறிப் போயி, ‘சவுண்டு நல்லா வருது சார்’னு ரிப்போர்ட்டும் குடுத்தேன்.

அவரு ஒண்ணும் பேசல. கீழ எட்டிப் பாத்து சாரங்கைக் கூப்பிட்டாரு. எங்க சாரங்கு ரத்னகிரிக்காரரு, டெக் ஆளுகளுக்கெல்லாம் தலைவரு. அவரு சிரிச்ச சிரிப்புல வாயில இருந்த பான் என் சட்டையில தெறிச்சுது. அப்புறம் தோள்ல கையைப் போட்டுக் கூட்டிட்டுப் போயிச் சொல்லிக்குடுத்தாரு.

டெக்குல அங்கங்க பித்தளை மூடி இருக்கும். அதைத் திருகித் திறந்தா ஒரு குழாய், நேரா டேங்கோட அடி வரைக்கும் போகும். ஸ்டீல் டேப்போட நுனியில பித்தளைக் குண்டு ஒண்ணு தொங்கும். டேப்பைத் துணியால துடைச்சு, தண்ணி டேங்கா இருந்தா சாக்பீஸைத் தேய்க்கணும். மெதுவா இறக்கணும். அடியில குண்டு ‘டக்’குன்னு உக்காருறது விரல்ல தெரியும். வேகமா போட்டுப் போட்டு அடித்தகடு ஓட்டை விழுந்துரக் கூடாதுன்னு அந்த இடத்துல தடிச்ச தகடு ஒண்ணு வச்சிருப்பாங்க. மேல இழுத்தா சாக்பீஸ் எது வரைக்கும் நனைஞ்சிருக்கோ, அதான் தண்ணியோட ஆழம். கப்பல் ஆடிக்கிட்டு இருந்தா மூணு நாலு தடவை எடுத்துச் சராசரி போடணும். அந்த அளவை வச்சு ஒரு டேபிள்ல பாத்தா டேங்குல எத்தனை டன் கிடக்குன்னு வந்துரும். எல்லாத்தையும் விட முக்கியம், மூடியைத் திருப்பித் திருகணும். திருகாம வந்தா அடுத்த பெரிய அலை அந்தக் குழாய் வழியா உள்ள போயிரும்.

இந்தச் சவுண்டிங்குல சத்தமே கிடையாது. இது பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து வந்தது. அவன் பாஷையில ‘சோந்’துன்னா ஆழம் பாக்குற கயிறு. அந்தக் காலத்துல கப்பலோட முன்பக்கம் நின்னு, ஏழு பவுண்டு ஈயக்குண்டைக் கயித்துல கட்டி வீசுவாங்க. பாகம்னா ஆறு அடி, ரெண்டு கையையும் விரிச்ச நீளம். கயித்துல ரெண்டு பாகத்துக்கு ரெண்டு தோல் வாரு, மூணு பாகத்துக்கு மூணு தோல் வாரு, அஞ்சுல வெள்ளைத் துணி, ஏழுல சிவப்புத் துணி, பத்துல ஓட்டை போட்ட தோல்னு அடையாளம் கட்டியிருக்கும். துணிக்குத் துணி நெசவும் வேற வேற. எதுக்குன்னா ராத்திரி இருட்டுல விரலாலயே, சில ஆளுக உதட்டாலயே தடவித் தெரிஞ்சுக்கிடுவாங்க. பாகம்னா ஆறு அடி, ரெண்டு கையையும் விரிச்ச நீளம். நம்ம கடக்கரையில இன்னைக்கும் ‘பத்துப் பாகம் தண்ணி’ன்னுதான் பேச்சு. மிசிசிப்பி ஆத்துல படகு ஓட்டின ஒருத்தரு, ரெண்டு பாகம் ஆழம்னு கத்துற ‘மார்க் ட்வைன்’ங்கிற கூப்பாட்டையே தனக்குப் புனைபேரா வச்சுக்கிட்டாரு. உலகத்துக்கே தெரிஞ்ச எழுத்தாளர் ஆயிட்டாரு.

அந்த ஈயக்குண்டோட அடியில ஒரு குழி இருக்கும். அதுல மாட்டுக்கொழுப்பை அப்பி விடுவாங்க. கீழ போயித் தட்டும்போது மணலோ சேறோ சிப்பித் துண்டோ அதுல ஒட்டிக்கிட்டு வரும். கப்பல் எங்க நிக்கிங்கிறதை அதை வச்சே சொல்லிருவாங்க. எங்க அப்பா கொழுப்பெல்லாம் அப்ப மாட்டாரு, நங்கூரத்துல ஒட்டி வந்த சேத்தை விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாத்தே ‘பார் (கடலடிப் பாறை) பக்கத்துல இருக்கு, வலையைப் போடாத’ம்பாரு.

‘சவுண்ட் அவுட்’னு ஒருத்தர் மனசை அறியுறதுக்குச் சொல்லுதாங்கள்லா, அதுவும் இந்த வகைதான். நாம ‘நூல் விட்டுப் பாக்கான்’ங்கோம். அவன் கயிறு விட்டுப் பாக்கான். திமிங்கலம் குப்புற ஆழத்துக்கு முங்குறதையும் ‘சவுண்ட்’னுதான் சொல்லுவான்.

அடுத்து, ஜலசந்தி. 1983 தை மாசம் போலந்துக்குப் போனோம். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவுல ஒரு ஒடுக்கமான கடல். எங்க சார்ட்டுல அதுக்குப் பேரு ‘தி சவுண்ட்’. குளிர் காத்து ஊளை விட்டுக்கிட்டு இருந்துச்சு. சரி, இந்தச் சத்தத்துனாலதான் பேரு வச்சிருப்பான்னு நினைச்சேன். அடி வாங்கினாலும் புத்தி வரல பாத்துக்கிடுங்க! அந்த ஊருக்காரன் அதை ஊரசுந்த்ங்கான். ‘சுந்த்’ங்கிறது பழைய வடக்கத்திப் பாஷை. நீந்துறதுன்னு ஒரு அர்த்தம், ரெண்டு கரைக்கு நடுவுல உள்ள தண்ணின்னு ஒரு அர்த்தம். இங்கிலீஷ்ல நீச்சலுக்குச் சொல்லுற ‘ஸ்விம்’முக்கு நெருங்கின சொந்தம். ஹெல்சிங்கர் ஊருக்கிட்ட அகலம் நாலு கிலோமீட்டர்தான். இடது கைப்பக்கம் ஸ்வீடன், வலது கைப்பக்கம் டென்மார்க், ரெண்டு கரையிலயும் வீட்டு விளக்கு தெரியுது.

அந்த டென்மார்க் கரையில க்ரோன்போர்க்னு ஒரு கோட்டை. 1429ல இருந்து 1857 வரைக்கும் அந்த வழியாப் போற வெளிநாட்டுக் கப்பல்காரன் அங்க நிறுத்தி டென்மார்க் ராஜாவுக்குச் சுங்கம் கட்டிட்டுத்தான் போகணும். பிற்காலத்துல சரக்கு மதிப்புக்குத் தக்கபடி சுங்கம்னு ஆச்சு. மதிப்பைக் கப்பல் கேப்டனே சொல்லலாம். ஆனா அவரு சொன்ன விலைக்கு அந்தச் சரக்கை ராஜா வாங்கிக்கிட உரிமை உண்டு! குறைச்சுச் சொன்னா சரக்கு போச்சு, கூட்டிச் சொன்னா சுங்கம் கூடும். எவன் யோசிச்சானோ, ஆளு கெட்டிக்காரன். துறைமுகத்துல சுங்கக்காரங்களோட மல்லுக்கட்டின எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கதை.

இப்போ உங்க பொண்ணோட தூக்கம். இது சுத்தமான பழைய இங்கிலீஷ். ‘கெசுந்த்’னு இருந்து, முன்னால இருந்த ‘கெ’ உதிர்ந்து போச்சு. ஜெர்மன்காரன் இன்னும் உதிர்க்கல. எங்க கப்பல்ல ஜெர்மன் சூப்பரிண்டெண்ட் ஒருத்தர் வருவாரு. யாராவது தும்மினா ‘கெசுண்ட்ஹைட்’ம்பாரு. நாம பிள்ளை தும்மினா ‘நூறு’ங்கோம்லா, அது மாதிரி, நல்லா இருன்னு. ஊனமில்லாம, விரிசல் இல்லாம, முழுசா இருக்கதுதான் இந்தச் சவுண்ட். இடையில முழிப்பு வராத முழுத் தூக்கம்கிறதுனால ‘சவுண்ட் ஸ்லீப்’. நம்மளுக்கு ‘அசந்து தூங்குறான்’னு வார்த்தை ரெடியா இருக்கு. ராயபுரம் தம்பியோட நைனா கடன் வாங்கின ஆளும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

சத்தம் மட்டும்தான் லத்தீன்ல ‘சோனுஸ்’னு இருந்து பிரெஞ்சு வழியா வந்தது. அதைப் பத்தி நான் சொல்ல ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் காது இருக்கு.

நைட்_டியூட்டி

கலாசி அண்ணாச்சி சொன்ன ஆழம் பாக்குற சவுண்ட் எங்க தட்டுலயும் இருக்கு. நான் ஸ்டாஃப் நர்ஸ், இருபது வருஷமா பிரசவ வார்டு.

‘யூட்டரைன் சவுண்ட்’னு ஒரு கருவி. லேசா வளைஞ்ச மெல்லிசான கம்பி, நுனி மழுங்கலா இருக்கும், மேல சென்டிமீட்டர் கோடு போட்டிருக்கும். காப்பர் டி போடுறதுக்கு முன்னாடி கர்ப்பப்பை எவ்வளவு ஆழம்னு அதை வச்சுப் பாப்பாங்க. சாதாரணமா ஏழு, எட்டு சென்டிமீட்டர் வரும். அதே ஈயக்குண்டு கதைதான், கடல்தான் வேற.

புதுசா ட்ரெய்னிங் வந்த பொண்ணுகிட்ட டாக்டரம்மா ‘சவுண்ட் குடு’ன்னு கையை நீட்டுனாங்க. அது ‘எஸ் மேடம்’னு சத்தமா சொல்லுச்சு. அதுவும் மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் இன்னும் சத்தமா. பாவம், அது மேலயும் தப்பு இல்ல. அன்னைக்குக் காலையிலதான் சிசேரியன் ஆனவங்க வயித்துல ஸ்டெத் வச்சு ‘பவல் சவுண்ட்’, அதாவது குடல் சத்தம், வருதான்னு கேக்கச் சொல்லிக்குடுத்திருந்தோம். அது நிஜமாவே சத்தம். ஒரே ஷிஃப்டுல ரெண்டு சவுண்டும் வந்தா அது என்ன பண்ணும்?

பத்திரம்_எழுதுறவன்

ரெண்டாம் நம்பர் சவுண்டை வச்சுத்தான் எனக்கு முப்பது வருஷமா சோறு.

உயில் எழுதும்போது முதல் பத்தியில ‘நல்ல நினைவுடனும், புத்தி சுவாதீனத்துடனும், பிறர் தூண்டுதலின்றியும்’னு எழுதாம பேனாவைக் கீழ வைக்கமாட்டோம். அதுக்கு மூலம் இங்கிலீஷ்ல ‘சவுண்ட் மைண்ட்’. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல பன்னிரண்டாம் பிரிவு அதுக்கு விளக்கமே குடுக்குது. ஒப்பந்தம் போடுற அந்த நேரத்துல அதைப் புரிஞ்சுக்கிட்டு, தனக்கு நல்லதா கெட்டதான்னு நிதானிக்க முடிஞ்சா போதும். எப்பவாவது புத்தி தடுமாறுறவங்ககூட தெளிவா இருக்கிற நேரத்துல ஒப்பந்தம் போடலாம்.

கலாசி ஐயா ‘விரிசல் இல்லாம முழுசா’ன்னு சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. எங்க அப்பாவும் பத்திரம் எழுதினவர்தான். பெரியவர் யாராவது உயில் எழுத வந்தா உடனே எழுத ஆரம்பிக்க மாட்டார். ‘மழை எப்படி உங்க ஊர்ப் பக்கம்? கடைசிப் பேத்திக்கு என்ன பேர் வச்சீங்க?’ன்னு பேச்சுக் குடுப்பார். பதில் ஒழுங்கா வந்தாத்தான் பேனா மூடியைக் கழட்டுவார். நாலாம் நம்பர் சவுண்டை வச்சு ரெண்டாம் நம்பர் சவுண்டைச் சோதிச்சிருக்கார்னு இப்பதான் புரியுது.

சுண்டைக்காய்_இலக்கணம்

நல்ல திரி. கலாசி ஐயா, சத்தத்தைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லைன்னு சுலபமாகத் தள்ளிவிட்டீர்கள். குழப்பத்துக்கே காரணம் அதுதான்!

லத்தீனிலும் பிரெஞ்சிலும் அந்தச் சொல்லில் ‘ட்’ கிடையாது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதியதுகூட ‘சூன்’தான். அதற்குப் பிறகு, ‘ன்’னில் முடியும் நாக்கு அப்படியே மேல்வாயில் ஒட்டி நின்று விடுபடும்போது ஒரு ‘ட்’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இடிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘தண்டர்’கூடப் பழைய காலத்தில் ‘துனோர்’தான், நடுவில் இருக்கும் ‘ட்’ வந்தேறி. அந்த ஒட்டுவால் மட்டும் வந்திருக்காவிட்டால் சத்தம் ‘சவுன்’ என்று தனியாக நின்றிருக்கும், கோமதி அவர்களின் மகளுக்கும் சுழி விழுந்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், நாம் இதற்கு நேர் எதிராகச் செய்திருக்கிறோம். அவர்கள் ‘பவுண்ட்’ என்றதை ‘ட்’டை வெட்டிவிட்டுப் ‘பவுன்’ ஆக்கி நகைக்கடையில் உட்கார வைத்துவிட்டோம்.

இவை வெவ்வேறு சொற்கள் என்று எப்படி நம்புவது என்று டியூஷன் பிள்ளைகள் கேட்டால், ஜெர்மனைக் காட்டுங்கள். நலமாக இருப்பது ‘கெசுண்ட்’, ஜலசந்தி ‘சுண்ட்’, ஆழம் பார்க்கும் கருவி ‘ஸோண்டெ’. அங்கே முகங்கள் இன்னும் தனித்தனியாகவே இருக்கின்றன.

நம் ‘ஆறு’ இல்லையா? எண்ணும் ஆறு, ஓடுவதும் ஆறு. ஆனால் சங்கப் பாட்டில் ஓடுவது ‘யாறு’. எண்ணுக்கு அந்த ‘யா’ ஒருபோதும் வராது. தெலுங்கிலும் எண் ‘ஆறு’, நதி ‘ஏறு’. இரண்டு வேறு சொற்கள் காலப்போக்கில் ஒரே வாசலுக்கு வந்து நின்றுவிட்டன.

ஒரு சின்னத் திருத்தம். ஆழம் பார்க்கும் பிரெஞ்சுச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு. லத்தீனில் ‘சப்’ என்றால் கீழே, ‘உண்டா’ என்றால் அலை. அலைக்குக் கீழே அமிழ்த்துவது என்ற பொருளில் இரண்டும் சேர்ந்து வந்தது என்பது ஒரு கட்சி.

பழைய_கலாசி

உண்டா இல்லையான்னு நீங்களே கேட்டுட்டீங்க!

நான் மத்தக் கட்சி. பழைய இங்கிலீஷ்லயே ‘சுந்த்’தோட கயிறு, கம்பு எல்லாம் சேர்த்து ஆழம் பாக்குற சாமானுக்குப் பேரு இருந்திருக்கு. அப்போ கடலோடிக வாயில இருந்துதான் அது பிரெஞ்சுக்காரன்கிட்ட போயிருக்கணும், அவன் அதை மெருகு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கான். அப்படிப் பாத்தா மூணாம் நம்பரும் நாலாம் நம்பரும் பங்காளிக. ரெண்டு கட்சிக்கும் படிச்சவங்க இருக்காங்க, நான் கடல் பக்கம் நிக்கேன்.

நேத்து ராத்திரி படுக்கும்போது இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. அதை எழுதலன்னா எனக்குச் சவுண்ட் ஸ்லீப் வராது.

மீன் வயித்துக்குள்ள காத்துப் பை ஒண்ணு இருக்கும்லா. நம்ம ஊர்ல நெட்டிங்கோம். ஏற்றுமதிக்காரங்க ‘ஃபிஷ் மா’ம்பாங்க. அதுக்கும் இங்கிலீஷ்ல ‘சவுண்ட்’னு ஒரு பேரு உண்டு! நீந்துறதுக்குச் சொன்ன அதே ‘சுந்த்’ வீட்டுப் பிள்ளை. மீன் மிதக்கணும்னா அந்தப் பை வேணும். கூறல் கத்தாழை மீன் ஒண்ணு வலையில விழுந்தா அன்னைக்குக் கரையில திருவிழாதான். மீன் கறிக்கு அந்த விலை இல்ல, உள்ள இருக்க நெட்டிக்குத்தான். எங்க அத்தான் ஒருத்தரு நெட்டி எடுக்கதைப் பாத்திருக்கேன். கத்தியை ஓரமா விட்டு, முட்டை ஓடு மாதிரி கிழியாம உருவி, ரத்தம் போகக் கழுவி, வெயில்ல காயப் போடுவாரு. காஞ்சா மஞ்சக் கண்ணாடி மாதிரி இருக்கும்.

இதுல கூத்து என்னன்னா, கத்தாழை மீனு சத்தம் போடுற சாதி. தண்ணிக்குள்ள ‘கொர்ரு கொர்ரு’ன்னு கேக்கும். அந்தச் சத்தத்தை எதை வச்சுப் போடுதுன்னு நினைக்கீங்க? வயித்துச் சதையை வெடவெடன்னு ஆட்டி, அந்தக் காத்துப் பையைத் தம்பட்டம் மாதிரி அதிர வைக்குது. அப்போ சவுண்டை வச்சுத்தான் சவுண்டு போடுது. சொன்னா இங்கிலீஷ்காரனுக்கே தலை சுத்தும்.

எக்கோ சவுண்டரும் இதே மாதிரிதான். எங்க பக்கம் விசைப்படகுல எல்லாம் இப்போ அது இருக்கு. பேருல உள்ள சவுண்டருக்கு அர்த்தம் ஆழம் பாக்குறது. ஆனா ஆழத்தைப் பாக்குறது சத்தத்தை அனுப்பி. கடத்தண்ணியில சத்தம் நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும். அனுப்பின சத்தம் பத்துல ஒரு பங்கு நொடியில திரும்பி வந்தா, போக வர 150 மீட்டர், ஆழம் 75 மீட்டர். முதல் தடவை எங்க கப்பல்ல அதோட பேப்பர் ஓடுறதைப் பாத்தப்போ எனக்கு லேசா ஒரு சந்தோஷம். 1979ல நான் சுத்தியலால தட்டிக் காதை வச்சுக் கேட்டதும் கிட்டத்தட்ட இதானே? முப்பது வருஷம் முன்கூட்டி யோசிச்சுட்டேன்னு சாரங்கு கிட்டச் சொல்லியிருக்கணும். அப்போ அவரு ரிட்டயர் ஆயிட்டாரு. (முப்பது வருஷம்லாம் ஒண்ணுமில்ல, எக்கோ சவுண்டர் நான் பிறக்குறதுக்கு முன்னாடியே வந்தாச்சு. சும்மா ஒரு பெருமைக்கு.)

நாகர்கோவில்_நடராஜா

அண்ணாச்சிமாரே, நான் இதுல பண்ணின தப்பை இங்க ஒத்துக்கிடுதேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால ஒரு சிறுவர் பத்திரிகைக்கு, திருவனந்தபுரம் பக்கத்துல உள்ள தும்பா ராக்கெட் தளத்தைப் பத்தி எழுதினேன். எங்களுக்கு அது பக்கத்து ஊரு மாதிரி. 1963 நவம்பர் 21, சர்ச் கட்டடத்துல ஆபீஸ், சைக்கிள்ல ராக்கெட் பாகம், அமெரிக்காவுல செஞ்ச நைக்கி அப்பாச்சி ராக்கெட் மேல போனதுன்னு எல்லாம் சரியா எழுதிட்டு, ‘சவுண்டிங் ராக்கெட்’டுக்கு மட்டும் ‘ஒலி எழுப்பும் ராக்கெட்’னு போட்டுட்டேன். தீபாவளி ராக்கெட்டே ஒலி எழுப்பும், அப்புறம் இதுல என்ன விசேஷம்னு எனக்கே தோணல பாருங்க.

மேல் வளிமண்டலத்துல காத்து, வெப்பம், மின்காந்தம் எப்படியிருக்குன்னு ஆழம் பாக்கப் போற ராக்கெட் அது. கலாசி அண்ணாச்சியோட பித்தளைக் குண்டு கீழ போகுது, இது மேல போகுது. பலூன்ல கட்டி விடுற ரேடியோ ஸோண்டும் அதே குடும்பம். அச்சான பிறகு ஒரு பையன் போஸ்ட்கார்டு போட்டிருந்தான்: ‘அந்த ராக்கெட் என்ன பாட்டுப் பாடும்?’

பாளை_கோமதி

அண்ணாச்சிகளுக்கும் நர்ஸ் அக்காவுக்கும் எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும்னு நினைச்சே பாக்கல.

பொண்ணுகிட்ட உக்கார வச்சு வாசிச்சுக் காட்டினேன். சுத்தியல் கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. திருத்தி எழுதிட்டா: ‘காவலாளி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்’, ‘எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் பத்திரமாக இருந்தார்கள்’. அவ அப்பா விஷயத்துல மட்டும் பழைய மொழிபெயர்ப்பே சரின்னு நிக்கா.

டியூஷன் பிள்ளைககிட்ட ‘ஆறு’ கதையைச் சொன்னேன். அதுல ஒரு வாண்டு, ‘அப்போ காப்பி ஆறிப் போச்சுங்கிற ஆறு எந்த வீட்டுப் பிள்ளை டீச்சர்?’ன்னு கேட்டுட்டான். சுண்டைக்காய் சார், இருக்கீங்களா?

சுண்டைக்காய்_இலக்கணம்

இருக்கிறேன். அது மூன்றாவது வீடு. காப்பியைக் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.